பூபாலபிள்ளையின் ஒன்பது வருடம்

மங்கையற்கரசி டீச்சர் காரை வீதிக்கு இறக்குவதற்கு முன், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் சொருகிக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் காலை ஆறரைக்கு மதிலோரம் கூட்டத் தொடங்குவேன். செட்டிபாளையத்தில் என் வீட்டு வளவைப்போல் சுத்தமான வளவு கிடையாது.

புருஷன் பூபாலபிள்ளை ஆறடி மனுசன். டீச்சர் அவர் தோளுக்கும் எட்டமாட்டாள். போன வருடம் ஆனியில் நெஞ்சு நோகுது என்று கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை. ஆனால் டிரைவர் சீட் அவர் காலுக்கு அளவாகப் பின்னால் தள்ளியபடியே கிடந்தது. கீழே ஒரு கம்பி உண்டு, இழுத்தால் சீட் முன்னுக்கு வரும் என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையணையைத்தான் நம்பினாள். பள்ளிக்கூடம் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். முன்பெல்லாம் வாகனம் ஏற்றி அக்கரைப்படுத்தும் மிதவைப் பாதையில் அவர்தான் காரை ஏற்றிக் கொண்டுபோய் விடுவார். அவர் போனபிறகு, ஐம்பத்திரண்டு வயதில், டீச்சர் லைசன்ஸ் எடுத்தாள். இவள் கார் வருவதைக் கண்டால் பாதையில் நிற்கிறவர்கள் தங்கள் மோட்டார்சைக்கிள்களை ஓரங்கட்டுகிறார்களாம். நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான்.

மாசி மாதம் ஒருநாள் அவளுக்கு ஒரு போன் வந்தது. எங்கள் பக்கம் மதிலோரக் கிணற்றடியில்தான் சிக்னல் எடுக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை. காருக்கு இன்சூரன்ஸ் போடுகிற நிலோஜன் தம்பி டவுனிலிருந்து பேசினான். வருடம் முடிகிறது, புதுப்பிக்கவேண்டும் என்றிருப்பான். அப்படியே சேர் எப்படி இருக்கார் என்று பூபாலபிள்ளையையும் சுகம் விசாரித்திருக்க வேண்டும். டீச்சர் கிணற்றுக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "இருக்கார்" என்றாள்.

என் கையில் விளக்குமாறு அப்படியே நின்றுவிட்டது.

கேட்காமல் விட்டால் எனக்கு நித்திரை வராது, கேட்டேன். அவள் வெட்கமில்லாமல் விளக்கம் சொன்னாள். அவர் ஒன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியவராம், அதனால் கட்டுகிற காசில் பாதிக்குக் கிட்டக் கழிவாம். தன் பேருக்கு எடுத்தால் கழிவு ஒன்றும் இல்லை. லைசன்ஸ் புதுசு, முழுக்காசும் கட்டவேண்டும், எங்காவது இடித்தால் செலவில் முதல் பங்கும் தன் தலையிலாம். அன்று பின்னேரமே கோயிலடியில் நாலு பேருக்குச் சொன்னேன், டீச்சர் செத்த மனுசனை உயிரோடு வைத்து மிச்சம் பிடிக்கிறாள் என்று. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனி திரும்ப வந்தது. அவருடைய விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் ஓராண்டு நினைவஞ்சலி பனர் அடித்து, டீச்சரின் கேற்றடியிலேயே இரண்டு கம்பம் நட்டுக் கட்டினார்கள். மாலை போட்ட பூபாலபிள்ளை வீதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அடுத்தநாள் காரைப் பின்னால் எடுத்த டீச்சர் அந்தக் கம்பத்திலேயே கொண்டுபோய் இடித்தாள். கதவு உள்ளே போய்விட்டது. ஒன்பது வருடத்தில் முதல் அடி.

இடித்த இடத்தைப் படம் எடுக்க வந்த நிலோஜன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பிடித்தபடி பனருக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். டீச்சர் வெளியே வந்தாள். ஒளிக்கவில்லை.

"பிழைதான் தம்பி. நான் சொல்லியிருக்கணும்."

அவன் கோபப்படவில்லை. இந்த இன்சூரன்ஸ் கார்ட்டு செல்லாது, வழியில் ஒரு மனுசரை இடித்திருந்தால் அவள் வீட்டை விற்றிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். மரணச் சான்றிதழைக் காட்டிக் காரை அவள் பேருக்கு மாற்ற வேண்டும், மறுகா இன்சூரன்ஸைப் புதிதாக எடுக்கவேண்டும்.

"அப்ப அவர்ட ஒன்பது வருசம்?"

"அது ஆளோட போயிரும் டீச்சர்."

அவள் காரின் நசிந்த இடத்தைத் தடவினாள்.

"காசுக்காக இல்ல தம்பி. வாறவங்க எல்லாரும் அவர் எப்படிச் செத்தவர் எண்டுதான் கேக்காங்க. நீங்க ஒராள்தான் எப்படி இருக்கார் எண்டு கேட்டீங்க."

கேட்டவர்களில் நானும் ஒருத்தி. மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்றாந்தரம் வேறு ஆட்களுக்கு விபரமாகச் சொல்லவேண்டுமென்று.

புதுப் படிவத்தை அவன் கார் மூக்கின்மேல் விரித்தான். பேர் எழுதுகிற இடத்தில் பேனை ஒருதரம் நின்றது, பிறகு அவள் தன் பேரை எழுதினாள். நிழலாக இருக்கிறது, படத்துக்குக் காரைக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு எடுக்கச் சொன்னான். டீச்சர் ஏறினாள். மறுபடி இறங்கி, தலையணையை எடுத்துவந்து என் பக்க மதிலில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பப்போய்க் குனிந்து சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தேடினாள். துருப்பிடித்த கம்பி ஒரு தரம் கத்தியது.

கார் முன்னுக்குப் போனது. மதிலில் தலையணை இருந்தது, நடுவில் ஒரு முதுகு அமுக்கிய பள்ளத்தோடு. அதில் ஒரு வேப்பம் பழுப்பிலை வந்து விழுந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை.