ஷெட் கடிகாரம்

எருமப்பட்டிப் பண்ணையில் வெயிலுக்குக் கோழிகள் இரைப்பதை ஒரு கேமராவும் ஓர் ஒலிக்கருவியும் கோடை முழுக்கப் பதிவு செய்திருந்தன. இரண்டையும் இணைத்து நாளைக் காலை வெளியூர் ஆராய்ச்சிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். மாலைக் கணினி வகுப்பில் எனக்குக் கொடுத்த வேலை அது. இன்று ஓட்டிப் பார்த்தால், படத்தில் கோழிகள் சும்மா நிற்கின்றன, ஒலியில் இரைக்கின்றன.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று மறுபடி இணைத்தேன். அப்போதும் அப்படியே. வகுப்பை விட்டுவிட்டுப் பண்ணைக்குப் பஸ் ஏறினேன்.

கேமரா இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும். ஒலிக்கருவிக்குத் தினமும் பேட்டரி மாற்றி நேரம் வைப்பவர் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் பூபதி அண்ணன்.

"எதைப் பார்த்துங்கண்ணா நேரம் வெச்சீங்க?"

"செவுத்துக் கடிகாரத்தப் பார்த்துத்தான் அம்மிணி. ஷெட்டுக்குள்ள போன் கூடாதுங்களே."

முட்டை அடுக்கிக்கொண்டிருந்த சரிதா அக்கா சிரித்தார். "அதையா? சாயங்காலம் பஸ்ஸப் புடிக்கோணும்னு நாங்க முள்ளத் தள்ளி வெப்போம். இவரு காத்தால வந்து பின்னால இழுப்பாரு."

"நீ தள்ளுனதுல பாதியத்தான் இழுத்தேன்."

"தெனமும் ஒரே அளவுதான் தள்ளுவீங்களாக்கா?"

"பஸ்ஸு என்னைக்கு ஒரே நேரத்துக்கு வந்துச்சு? மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாத சாமி."

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிழை. இப்படியே அனுப்பினால், இரைக்காத கோழியை இரைக்கிறது என்று யாரோ எழுதுவார்கள். அனுப்பாவிட்டால் கோடையே வீண்.

பூபதி அண்ணன் தீவன வண்டியைத் தள்ளினார். அது திருப்பத்தில் இரும்புக் கம்பத்தில் டங்கென்று இடித்தது. கோழிகள் எல்லாம் தலை தூக்கின.

"தெனமும் இடிக்குங்களாண்ணா?"

"சக்கரம் கோணலுங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

வீட்டுக்கு வந்து, படத்தில் வண்டி இடிக்கும் கணத்தையும் ஒலியில் அந்த டங்கையும் ஒவ்வொரு நாளாகப் பொருத்தினேன். பொருந்தியது. பழைய நேரத்தை அழிக்காமல், திருத்தத்தைத் தனிக் கோப்பில் வைத்தேன். 'சுவர்க் கடிகாரம் சரியில்லை' என்று மட்டும் குறித்தேன், முள்ளைத் தள்ளியது யார் என்று எழுதவில்லை. அது போதுமா?

ஒரு நாள் மட்டும் பொருந்தவில்லை. அன்று மாரியம்மன் நோம்பி, பூபதி அண்ணன் லீவு. பேட்டரி மாற்றியதும் வண்டி தள்ளியதும் சரிதா அக்கா. எங்கும் இடிக்கவில்லை. அந்தக் கோடையிலேயே கோழிகள் அதிகம் இரைத்த நாளும் அதுதான்.

முந்தைய நாளின் திருத்தத்தை இதற்கும் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. போட்டேன், எடுத்தேன். கடைசியில் 'நேரம் பொருத்தப்படவில்லை' என்று எழுதிக் காலையில் எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அனுப்பிய பிறகும் அந்த நாளைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எங்காவது லேசாகவாவது இடித்திருப்பார்.