கர்ட்டிஸ் வீசிய ஒரே ஆட்டம்

காப்பிக் கோப்பையைக் கர்ட்டிஸ் இடது கையால் எடுத்தபோது லியோனா டிரைலிங் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சர்க்கரை போட்டுக் கலக்கியதும் இடது கைதான். தட்டிலிருந்த இறைச்சியை வெட்டாமல் முள்கரண்டியாலேயே கிள்ளிக் கிள்ளித் தின்றான். வலது கை மேஜைக்கடியில், மடிமேல், வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பேஸ்பாலில் பந்து வீசிப் பிழைக்கிற கை அது.

பிட்ஸ்பர்க் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் அம்மாவும் பிள்ளையும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஆல்வின் வாசலில் நின்று ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"கையில என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. ராத்திரி அது மேலேயே படுத்துட்டேன்."

"என்கிட்ட கதை விடாத. சட்டைப் பட்டனைப் பாரு, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்க."

கர்ட்டிஸ் குனிந்து பார்த்துச் சிரித்தான். அவள் எட்டி அவன் தோளுக்குக் கீழே மேல்கையைத் தொட்டாள். அழுத்தக்கூட இல்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"வசந்தத்துலேர்ந்தே இருக்கு. பந்து போடறப்ப எலும்புக்குள்ள யாரோ குடையற மாதிரி. போட்டு முடிச்சா விட்டுடும். இப்பத்தான் விடமாட்டேங்குது."

"டீம் டாக்டருக்குத் தெரியுமா?"

"சொன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க. பத்து வருஷமா சின்னச் சின்ன ஊரா பஸ்ல போய் ஆடியிருக்கேன்மா. பெரிய டீம் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் வழக்கமா போடறவனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னுதான். அவன் எழுந்துட்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னிக்கு ஒரு நாள். அப்புறம் நீ எந்த டாக்டர்னாலும் நான் வரேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லாத. அவர் முகத்தைப் பாத்தியா?"

ஆல்வின் உள்ளே வந்துகொண்டிருந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது. "சர்ச் ஹால்ல பெரிய டிவி கொண்டுவந்து வச்சிட்டாங்களாம். தானியக் கிடங்கைக்கூட மத்தியானம் மூடப்போறானாம், கோதுமை லாரி வந்தா நிக்கட்டும்கறான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். லியோனா அவர் பக்கம் காப்பியை நகர்த்தினாள். கர்ட்டிஸ் அவளை ஒருமுறை பார்த்தான். சத்தியம் செய்யாமலே செய்துகொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கான்ஸாஸில் அறுவடை முடிந்த கையோடு கணவனும் மனைவியும் பிக்கப் வண்டியிலேயே கிளம்பி வந்திருந்தார்கள். மத்தியானம் ஆற்றுப் பாலத்தின் மேல் கூட்டத்தோடு கூட்டமாக மைதானத்துக்கு நடந்தார்கள். சுற்றிலும் உள்ளூர் அணியின் கறுப்பும் மஞ்சளும். ஆல்வின் மட்டும் முதுகில் 'டிரைலிங்' என்று எழுதிய சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். எதிர்ப்பட்டவர்கள் அதைப் படித்துவிட்டு, யார் இவன் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். காற்றே இல்லை. ஆறு உருக்கிய ஈயம் மாதிரி அசையாமல் கிடந்தது. மேற்கே குன்றுகளுக்குப் பின்னால் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அடியில் பச்சை கலந்த கறுப்பு. ஊரில் அந்த நிறத்தைப் பார்த்தால் லியோனா முதலில் கோழிகளை அடைப்பாள், பிறகு சூறாவளிக்கு ஒதுங்கும் நிலவறையின் கதவைத் திறந்து வைப்பாள்.

"வரும்போலிருக்கே" என்றாள்.

"வராது. வந்தா ஆட்டத்தைக் கெடுத்துடும்" என்றார் ஆல்வின்.

வந்து கெடுக்கட்டும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆலங்கட்டி விழுந்தாலும் சரி.

வெளியூர் அணி உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால் மேலே அவர்களுக்கு இடம். நேர் பின்வரிசையில் ஒரு தடித்த ஆள், மடியில் வேர்க்கடலைப் பை. கூட வந்தவர்கள் அவனைப் பட்ஸி என்றார்கள். கர்ட்டிஸ் நடுவிலிருந்த மண்மேட்டில் ஏறியதுமே பட்ஸி ஆரம்பித்துவிட்டான்.

"டேய் டிரைலிங்! பால் கறக்கிற நேரமாச்சு, வீட்டுக்குப் போடா!"

முதல் பந்து.

"பந்து போடறியா, தபால் போடறியா? எப்ப வந்து சேரும்?"

வரிசையே சிரித்தது. ஆல்வின் திரும்பி, "அது என் பையன்" என்றார்.

பட்ஸி எழுந்து கை கொடுத்தான். "அப்படியா சார்! முதல் ஆட்டமா? ரொம்ப சந்தோஷம். அம்மா, கடலை எடுத்துக்குங்க. ஆனா கத்தறதை மட்டும் நிறுத்த முடியாது, தப்பா நினைக்காதீங்க. என் பொண்டாட்டியே சொல்லிப் பாத்துட்டா." உட்கார்ந்து மறுபடி கைகளை வாயருகே குவித்தான். "மிஸ்டர் டிரைலிங்! உங்கம்மா பாத்துக்கிட்டிருக்காங்க! மூக்கைத் துடைச்சிட்டு ஒழுங்கா போடு!"

கர்ட்டிஸ் ஒழுங்காகத்தான் போட்டான். முதல் மூன்று பேரும் மட்டையைச் சுழற்றிவிட்டுத் தலை குனிந்து திரும்பினார்கள். ஆல்வின் தொடையில் அறைந்துகொண்டார். லியோனா பந்தைப் பார்க்கவில்லை. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். கையுறை மாட்டிய கையால் வலது கையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். கையில் குழந்தையை வைத்திருப்பவன் நிற்கிற மாதிரி நின்றான். பிறகு மூச்சை இழுத்து விட்டுத் திரும்பினான்.

பலகையில் வேகம் விழுந்துகொண்டே வந்தது. தொண்ணூற்று மூன்று மைல், தொண்ணூறு, எண்பத்தெட்டு. பட்ஸிக்கும் அது தெரிந்தது. "என்ன சார், உங்க பையனுக்கு எண்ணெய் தீந்துபோச்சா?" என்றான். அதில் கேலி குறைவாகவே இருந்தது.

நான்காவது இன்னிங்ஸில் காற்று சட்டென்று திசை மாறியது. கம்பங்களில் தொங்கிய கொடிகள் படபடத்து எழுந்தன. காகிதத் தட்டுகள் படிகளில் உருண்டன. குன்றுக்கு மேல் மின்னல் சத்தமில்லாமல் கிளைவிட்டது. பட்டப்பகலில் விளக்குகளைப் போட்டார்கள். தார்ப்பாய் உருளையருகே ஆட்கள் வந்து நின்றார்கள். லியோனா இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம், இந்தப் பக்கம். ஒரு துளி அவள் மணிக்கட்டில் விழுந்தது. ஒன்றே ஒன்றுதான். மேகம் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடக்கே நகர்ந்தது. ஆட்கள் தார்ப்பாயை விட்டு விலகிப் போனார்கள்.

"சொன்னேன் பாத்தியா" என்றார் ஆல்வின். குரல் கரகரத்தது.

அவள் எழுந்தாள். "தண்ணி வாங்கிட்டு வரேன்."

"இப்பவா? அவன் போட்டுக்கிட்டிருக்கான்."

படிகளில் கீழே இறங்கினாள். அந்தப் பள்ளத்தின் கூரையருகே போய்விட்டால் போதும். பயிற்சியாளரோ, பந்து பொறுக்குகிறவனோ, யாராவது ஒரு காது கிடைக்கும். மைதானத்தை ஒட்டிய வரிசைகளுக்கு முன்னால் இடம் காட்டும் கிழவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். சட்டையில் கிளாரன்ஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"ஒரு நிமிஷம்மா. மட்டை பிடிக்கிறவர் முடிச்சுக்கட்டும். நடுவுல நடந்தா பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்கும்."

"அங்க போடறவன் என் பையன். அவனுக்குக் கை சரியில்ல. யார்கிட்டயாவது சொல்லணும்."

கிளாரன்ஸ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மாக்களுக்கு உக்கார முடியாதுதான். ஒவ்வொரு வருஷமும் பாக்கறேன். இந்த ஒருத்தர் போகட்டும், நானே உங்களைக் கூட்டிட்டுப் போய் விடறேன். இது என் வாக்கு."

அந்த ஒருத்தர் போகவில்லை. அடித்த பந்து கோட்டுக்கு வெளியே பறந்தது. அடுத்ததும் வெளியே. கணக்கில் சேராத பந்துகள். ஒவ்வொன்றுக்கும் கர்ட்டிஸ் இன்னொன்று போட வேண்டியிருந்தது. பின்வரிசையில் ஒரு பந்து போய் விழ, அதற்காகப் பத்துப் பேர் முட்டிமோதிச் சிரித்தார்கள். கர்ட்டிஸ் முதுகைக் காட்டித் திரும்பினான். இந்தத் தடவை நெடுநேரம் அப்படியே நின்றான்.

"கர்ட்டிஸ்!" என்று கத்தினாள். "கர்ட்டிஸ், போதும்டா!"

சுற்றிலும் எல்லோரும் கேலியாக அவன் பெயரைச் சொல்லித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் அதோடு போனது.

அவன் காலைத் தூக்கிக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

சத்தம் கேட்டது. காய்ந்த கட்டை முறிகிற சத்தம். மட்டை உடைந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் மட்டை பிடித்தவரின் தோளிலேயே அது இருந்தது. பந்து எங்கோ புல்வெளியில் தனியாக உருண்டுபோயிற்று. கர்ட்டிஸ் மண்மேட்டின் மேல் முழங்காலிட்டுச் சாய்ந்தான்.

கிளாரன்ஸின் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. மேலேயிருந்து ஒருவன் தடதடவென்று இறங்கி வந்தான். கடலைப் பை எங்கோ சிந்திப் போயிருந்தது.

"வழி விடுங்க! அவங்க அம்மா! காது கேக்கல? அவனோட அம்மாடா இவங்க!" பட்ஸி ஆட்களைத் தோளால் தள்ளினான். "கதவைத் திறய்யா பெரிசு!"

கிளாரன்ஸ் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. சர்ச்சுக்குப் போடும் செருப்போடு அவள் புல்லில் ஓடினாள்.

கர்ட்டிஸைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். அவன் கண்கள் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. வலியால் துடிப்பான் என்று நினைத்துப் போனாள்; அவன் அசையாமல் கிடந்தான்.

"அம்மா, என் கை எந்தப் பக்கம் இருக்கு? எனக்குத் தெரியல. பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். முழங்கைக்கு மேலே, இருக்கக் கூடாத இடத்தில் கை மடங்கியிருந்தது.

"இருக்குடா. இங்கதான் இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவனை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் அம்மாள் எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். எலும்பு முறுக்கினாற்போல் சுருளாக முறிந்திருந்தது. கொஞ்ச காலமாகவே மயிரிழையாக விரிசல் ஓடியிருக்க வேண்டும், வலித்திருக்குமே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டாள். இருவரும் தலையை ஆட்டினார்கள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

அவள் போனதும் லியோனா சொன்னாள். "ஆல்வின், எனக்குத் தெரியும். காலைல காப்பி குடிக்கறப்பவே தெரியும். உன்கிட்ட சொல்லாதேன்னான்."

ஆல்வின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே கார் நிறுத்தத்தில் தரை ஈரமில்லாமல் வெளுத்துக் கிடந்தது.

"என்கிட்ட போன மாசமே சொன்னான்" என்றார் கடைசியில். "போன்ல. ஐஸ் வைடா, சரியாப் போகும்னேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவா, சொல்லாதீங்கப்பான்னான்."

லியோனா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பாலத்தில் அவர் நடந்த நடை, தொடையில் அறைந்துகொண்டது, மேகம் விலகியபோது கரகரத்த அந்தக் குரல் எல்லாம் அவளுக்குள் இடம் மாறி விழுந்தன. திட்டத்தான் வாயெடுத்தாள். திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவர் சட்டையின் முதுகில் பிள்ளையின் பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

எலும்பைத் தகடு வைத்துக் கட்டினார்கள். மணிக்கட்டு நெடுநாள் தொங்கியபடியே இருந்தது. நரம்பு அடிபட்டிருக்கிறது, அசைவு திரும்பலாம் என்றார்கள். குளிர்காலத்தில் திரும்பியது. அணிக்காரர்கள் மரியாதையாகப் பேசி, மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அடுத்த அறுவடைக்குக் கர்ட்டிஸ் ஊரிலேயே இருந்தான். அறுவடை இயந்திரத்தை அவன்தான் ஓட்டினான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஊர்க்காரர்கள் அவன் எதிரில் பிட்ஸ்பர்க் என்ற பேரையே எடுப்பதில்லை.

கடைசி வயல் முடிந்த அன்று சாயங்காலம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ரொட்டியைப் பிய்த்தபடி சாதாரணமாகக் கேட்டான். "நான் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன், சரி. ரெண்டு பேர்ல ஒருத்தராவது என் பேச்சைக் கேக்காம இருந்திருக்கலாமில்ல?"

கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டவன் போல இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஆல்வின் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். லியோனா எழுந்து அடுப்பருகே போனாள். அங்கே எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மேஜைக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.