பேரிங் மாற்றியதாகச் சொன்ன டைனமோ

சிவகாசிப் பக்கம் ஆவணி பிறந்துவிட்டால் தீபாவளி சீசன் சூடு பிடித்துவிடும். 1961 ஆவணியில்தான் முதலாளி சீனிவாசகத்தின் காரில் அந்தச் சத்தம் தொடங்கியது. நான் அப்போது அவருடைய பட்டாசுக் கம்பெனியில் கார் டிரைவர்.

முதலில், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது மட்டும் மெல்லிய உறுமல். பிறகு வேகம் கூட்டினால் அதுவும் கூடியது. விளக்கைப் போட்டால் இன்னும் பெரிதானது. சத்தம் எஞ்சினுக்குள்ளா வெளியிலா என்று பார்க்க, விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். சத்தம் இல்லை. அந்த பெல்ட் சுற்றுவது தண்ணீர் பம்பையும் டைனமோவையும்தான். பம்பைக் கையால் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு போனது. டைனமோ மணலை அரைப்பதுபோல் கரகரத்தது. பேரிங் போய்விட்டது.

திருத்தங்கலில் பட்டறை வைத்திருந்த சவரியப்பனிடம் கொண்டுபோனேன். கம்பெனியின் காரும் லாரிகளும் அவன் கையில்தான். கோயிலில் என் மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவனும் அவன்தான். அவனும் சுற்றிக் கேட்டுவிட்டு, பேரிங்தான், மதுரையிலிருந்து வரவழைத்துப் போட்டுவிடலாம் என்றான். அந்த வாரமே போட்டுவிட்டதாகச் சொல்லி வண்டியைக் கொடுத்தான். சத்தம் நின்றிருந்தது. அவன் சொன்னபின் நான் எதைப் பிரித்துப் பார்க்க?

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெடிமருந்து புழங்கும் இடத்தில் பொறி ஆகாது. அதனால் கேட்டுக்கு வெளியிலேயே எஞ்சினை நிறுத்தி, பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஆட்கள் காரை உள்ளே தள்ளிக்கொண்டு போய், சாம்பிள் பெட்டிகளை ஏற்றி, மறுபடி வெளியே தள்ளிவருவார்கள். விசிறி அசையாமல் நின்றபிறகுதான் நான் கம்பியில் கை வைப்பேன். ஓடும்போது கழற்றினால் டைனமோவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அந்தக் காயில், கருகிவிடும் அல்லவா. லாரி பார்க்க வரும்போதெல்லாம் சவரி என் பக்கத்தில் நின்று இதைப் பார்த்திருக்கிறான்.

வடக்கத்தி வியாபாரிகளைப் பார்க்க முதலாளி ரயிலுக்குக் கிளம்பிய அன்று, ஆமத்தூர் தாண்டியதும் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. இப்போது உறுமல் இல்லை, அலறல். நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ரயிலைப் பிடிக்க வேண்டும், ஓட்டு என்றார். விருதுநகர் எட்டுமுன் டைனமோ இறுகி, பெல்ட் கருகி, வண்டி நின்றது. ரயில் போய்விட்டது. ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போயிற்று.

மறுநாள், காரை இழுத்துவந்து போட்டிருந்த பட்டறையில், முதலாளி என்னை வைத்துக்கொண்டே சவரியிடம் காரணம் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் புதுப் பேரிங் போட்டுத்தான் குடுத்தேன், அண்ணாச்சி. கேட்டுல எஞ்சின் ஓடும்போதே இவன் பேட்டரிக் கம்பியப் பிடுங்குறான். அம்புட்டுப் பேரும் பாத்திருக்காக. டைனமோ கருகாம என்ன செய்யும்?"

நான் கம்பி கழற்றுவதைக் கம்பெனியே பார்த்திருக்கிறது. அப்போது விசிறி நின்றிருந்ததா என்று எவன் கவனித்திருப்பான்? கவனித்தவன் ஒருவன்தான், பேசியவனும் அவனே.

டைனமோவை இறக்கி, அவன் மேஜையிலேயே பிரித்தேன். காயில் ஒரு இடத்திலும் கருகவில்லை. பேரிங் பழையது. புதுக் கிரீசை வழித்தெடுத்ததும் குண்டுகளில் துரு தெரிந்தது. முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

மதுரையிலிருந்து பேரிங் வந்து சேரவில்லை என்று சவரி முணுமுணுத்தான். லாரி வேலை நெருக்கியது, கிரீசை அடைத்து அனுப்பிவிட்டு அப்புறம் மாற்றலாம் என்று இருந்துவிட்டானாம்.

என் வேலை பிழைத்தது என்று நினைத்தேன். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"சீசன் நேரத்துல என் லாரி ஓடணும்னா இவன் வேணும், அருளப்பா. டிரைவர் வேற கெடைப்பான். ரயில் தப்புனதுக்கு டிரைவர்தான் காரணம்னு நேத்தே வெளிய சொல்லியும் ஆச்சு. சாவியக் குடுத்துரு."

கொடுத்தேன். அவர் வெளியே போய் வாடகைக் காரில் ஏறினார்.

சவரி கிட்டே வந்தான். "மனசுல வச்சுக்கிடாத, மாப்ளே. தீபாவளி கழியட்டும், நானே உன்னய வேற எடத்துல சேத்துவிடுறேன்."

"நான் எப்பக் கம்பியக் கழட்டுவேன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

சாப்பிட்டுவிட்டாவது போ என்றான். பட்டறையை ஒட்டிய வீட்டுப் பக்கம் திரும்பி அவன் பெண்சாதியிடம் எனக்கும் சேர்த்து இலை போடச் சொன்னான். இத்தனை வருஷம் அந்த வீட்டில் கை நனைக்காமல் நான் திரும்பியதே இல்லை. அன்றைக்கு இறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.