வால் இல்லாத துணி

மேனேஜர் நீட்டிய காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘வண்டியில் எந்தக் குறையும் இல்லை.’ அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அத்தானுக்கு மூன்றாவது மெமோ போகும். மூன்றாவது மெமோ என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். மாலை நான்கு மணிக்குள் வேண்டும் என்றார்.

“போட மாட்டேன்” என்றேன்.

“உங்க அக்கா வீட்டுக்காரர்ங்கறதால சொல்றீங்க.”

“யாரா இருந்தாலும் போட மாட்டேன். வண்டில குறை இருக்கு.”

“எங்க இருக்கு? காட்டுங்க.”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஆனால் தெரியாது என்பதை அந்த மனிதரிடம் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம். “நாலு மணிக்குள்ள காட்டறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என் வாய் எப்போதும் என் கைக்கு முன்னால் ஓடும்.

எங்கள் ஷெட்டில் பதினான்கு பெரிய லாரிகள். அத்தனைக்கும் தலைமை மெக்கானிக் நான். அத்தான் ஓட்டுவது ஒன்பதாம் நம்பர் வண்டி. மூன்று வாரமாக அந்த வண்டி ஒரே கூத்துத்தான் ஆடுகிறது. முழு பாரத்தோடு மேட்டுச் சாலையில் ஏறும்போது பாதியில் இழுவை குறையும், திணறும், நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும்.

வண்டி வாங்கிய இடத்திலிருந்து ஒரு லேப்டாப் சார் வந்தார். ஷெட்டில் நிறுத்திவைத்தே வயரைச் செருகினார், என்ஜினை உறுமவிட்டார், ஓட்டத்தில் எப்போதோ டீசல் அழுத்தம் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொன்னார். டீசல் ஃபில்டரை மாற்றினோம். பம்பை மாற்றினோம். டீசலைப் பீச்சும் ஆறு இன்ஜெக்டரையும் மாற்றினோம். டேங்கின் அடித்திருகைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை, சேறு இல்லை, சுத்தமான டீசல். ஒவ்வொரு முறையும் ஷெட்டுக்குள் நல்ல பிள்ளையாக ஓடிய வண்டி, மேட்டுக்குப் போனதும் மானத்தை வாங்கியது. எல்லாச் சாமானையும் மாற்றியாயிற்று, மாற்றாதது டிரைவர் ஒருவர்தான் என்ற முடிவுக்கு மேனேஜர் வந்துவிட்டார். அத்தான் வேண்டுமென்றே வண்டியை அணைத்துவிட்டுத் தூங்குகிறாராம்.

அத்தான் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். இரண்டு மெமோவையும் கைநீட்டி வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ஒரு சாட்சி இருந்தது, என் காது. போன வாரம் வண்டி திணறும்போதே அத்தான் போனில் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். சாவியைத் திருப்பி அணைத்தால் என்ஜின் சட்டென்று நிற்கும். டீசல் கிடைக்காமல் பட்டினி கிடக்கும் என்ஜின் அப்படி நிற்காது. சத்தம் ஏறும், இறங்கும், இருமும், கடைசியில் அடங்கும். நான் கேட்டது பட்டினிச் சத்தம். இதை மேனேஜரிடம் சொன்னபோது, “காதுல கேட்டத ஃபைல்ல வைக்க முடியாதும்மா” என்றார்.

சரி, ஃபைலில் வைக்கிற மாதிரியே காட்டுவோம் என்று, காகிதம் நீட்டிய கையோடு அவரையே வண்டியில் ஏற்றினேன். முழு பாரம். அத்தான் ஸ்டியரிங்கில், நான் ஜன்னலோரம், நடுவில் மேனேஜர். இஸ்திரி போட்ட அவருடைய பேன்ட்டுக்காக நான் கொஞ்சமும் ஒதுங்கி உட்காரவில்லை.

மேட்டின் இரண்டாவது வளைவில் ஆரம்பித்தது. அத்தானின் கால் மிதியை அடிவரை அழுத்தியிருந்தது. சத்தம் ஏறி இறங்கியது. வண்டி இருமியது. நின்றது.

“பாருங்க, அவரு கை ஸ்டியரிங்ல இருக்கு. கால் மிதியில இருக்கு. சாவி திரும்பவே இல்ல. தூங்கறாரா?”

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஏதோ நிக்குது. ஆனா ஏன்னு நீங்க சொல்லலையே.”

“இன்னும் சொல்லல. இறங்குங்க.”

இருபது லிட்டர் டீசல் கேன் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். அதை கேபினுக்குப் பின்னால் கயிற்றால் கட்டினேன். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டேன். மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயையும் அதற்குள்ளேயே விட்டேன். இப்போது டேங்குக்கும் என்ஜினுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காற்றை வெளியேற்றிவிட்டு, கீழே இறங்கித் திருப்பிக்கொண்டு மறுபடி மேடு ஏறினோம். இரண்டாவது வளைவு போனது. மூன்றாவது போனது. உச்சியில், அக்கா வீட்டுத் தெரு திரும்பும் இடம்வரை வண்டி மூச்சே வாங்காமல் ஏறியது.

“பம்பும் நல்லாருக்கு, இன்ஜெக்டரும் நல்லாருக்கு, டிரைவரும் நல்லாருக்காரு” என்றேன். “குறை டேங்குக்குள்ள.”

அத்தான் மூன்று வாரத்தில் முதல்முறையாக முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஷெட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மேனேஜரை என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

அந்த வரிசை டேங்குக்கு மேலே கலைந்தது.

டீசலை வடித்துவிட்டு, அளவுகாட்டும் மிதவையின் மூடியைத் திறக்க ஸ்பானரை வைத்தேன். ஐந்து திருகு பழசு, ஒன்று புதுசு. அந்தப் புதுசைப் போட்டது நான். மிதவை ஒட்டிக்கொண்டு டீசல் அளவு முள் அசையவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மூடியை நான்தான் திறந்தேன்.

எங்கள் ஷெட் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘துணிக்கு வால் விடு.’ பெயின்ட் அடித்து எழுதியது நான். வண்டியில் எந்த ஓட்டையைத் திறந்தாலும் தூசி விழாமல் துணி வைத்து அடைப்போம். அந்தத் துணியில் ஒரு முழமாவது வெளியே தொங்க வேண்டும். தொங்கினால்தான் கண்ணில் படும், எடுக்க மறக்காது, உள்ளேயும் விழாது. வால் விடாதவர்களை நான் கிழி கிழியென்று கிழித்திருக்கிறேன். எனக்கு ஷெட்டில் பெயரே வாலக்காதான்.

அன்றைக்கு மேனேஜர் வண்டி எங்கே, வண்டி எங்கே என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். கைக்கு எட்டிய சின்னத் துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்துவிட்டு, புது மிதவை எடுக்க ஸ்டோருக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஓட்டையில் துணி இல்லை. நானே எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து மூடியைப் பூட்டினேன்.

டார்ச்சை உள்ளே அடித்தேன். உறிஞ்சும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது. நீலத் துணி. ஓரத்தில் சிவப்பு நூல்.

என் பழைய வேலைக்கோட்டின் பை அது. நீல நூல் தீர்ந்துபோய், சிவப்பு நூலில் அதைத் தைத்துக் கொடுத்தது என் அக்கா. மேடேறும்போது என்ஜின் அதிகமாக உறிஞ்ச உறிஞ்ச, அந்தப் பை போய்க் குழாயின் வாயை அடைத்திருக்கிறது. என்ஜின் நின்றதும் பிடி விட்டு விலகியிருக்கிறது. ஷெட்டில் சும்மா உறுமவிட்டபோது அந்த அளவு இழுப்பு இல்லை, அதனால் யாருக்கும் அகப்படவில்லை.

டார்ச்சை அணைத்தேன்.

“என்ன இருக்கு?” என்று கீழேயிருந்து மேனேஜர் கேட்டார்.

“துணி.”

“துணியா? அப்ப டிரைவர்தான் போட்டிருக்கான்! மேட்டுல நிக்கணும்னே போட்டிருக்கான்!”

இவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மிச்சத்தை அவரே பேசி முடித்துவிடுவார். ஒரு நொடி மூடிக்கொண்டுதான் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நொடிக்காக எனக்கு என் மேல் இன்னும் வெட்கம் உண்டு. அத்தான் லாரி டயரைப் பார்த்தபடி, இன்னொரு காகிதத்தை வாங்கி மடித்துக்கொள்ளத் தயாரானவர்போல் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று கேட்டால் முதலில் என் மேல்தான்.

கம்பியை வளைத்து, துணியைக் கொக்கிபோட்டு எடுத்தேன். டீசல் சொட்டச் சொட்ட எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தேன்.

“இது என் துணி. என் கோட்டுப் பை. மிதவை மாத்தினப்ப நான் உள்ள விட்டேன். வால் விடல. அவரு மேல ஒரு தப்பும் இல்ல.”

ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அன்றைக்கும் வந்திருந்த லேப்டாப் சார் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

மேனேஜரின் முகத்தில் கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது. “உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும், தெரியுமில்ல?”

“தாராளமா எடுங்க. அந்தக் காகிதத்தக் குடுங்க.”

அவருடைய ஒரு வரியை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன்: ‘வண்டியில் குறை இருந்தது. செய்தது நான். டிரைவர் மேல் குறை இல்லை.’ கையெழுத்துப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐம்பது.

“இப்ப ஃபைல்ல வைங்க. எனக்கு ஒரு மெமோ அடிங்க, செவுத்துல என் எழுத்துக்குக் கீழயே ஒட்டறேன், எல்லாரும் படிக்கட்டும். ஆனா மொதல்ல அவருக்குக் குடுத்த ரெண்டையும் கிழிங்க. என் கண்ணு முன்னால.”

“அதுக்கெல்லாம் முறை இருக்கும்மா…”

“மூணு வாரமா ஒரு மனுஷனத் தூங்குமூஞ்சின்னு சொன்னதுக்கு எந்த முறை சார் இருந்துச்சு?”

அத்தான் சட்டைப்பையிலிருந்து இரண்டையும் எடுத்து மேனேஜர் முன்னால் நீட்டினார். மேனேஜர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். பதினொரு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிழித்தார். ஃபைலில் இருக்கும் நகலை ஆறு மணிக்குள் ரத்து செய்வதாக எழுதியும் கொடுத்தார்.

எல்லாரும் கலைந்தபிறகு அத்தான் அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கிப் பிழிந்தார். சிவப்பு நூலை விரலால் தடவினார்.

“இது உங்க அக்கா தையலாச்சே.”

“ஆமா அத்தான். மன்னிச்சிருங்க.”

துணியை இன்னொரு முறை பிழிந்தார். பிறகு, “மேனேஜர் கேட்டது கூடப் பரவால்ல” என்றார். “மூணு வாரமா அவளும் தினம் கேக்கறா. ‘எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க, தூங்கிட்டீங்களா’ன்னு.”

துணியை அவரிடமிருந்து வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

“வண்டிய எடுங்க. நானே வந்து சொல்றேன்.”

டேங்கைக் கழுவி, மூடியைப் பூட்டி, டீசலை நிரப்பினோம். இருக்கிற பாரத்தோடு கிளம்பினோம். மேட்டின் இரண்டாவது வளைவில் இரண்டு பேருமே பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேட்டோம். வண்டி நிற்கவில்லை. அக்கா வாசலிலேயே இருந்தாள். நான் அவளுடைய சிவப்புத் தையலைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.