சிம்பல் இல்லாத ஆல்பம்

மாதம் பத்து மெட்டல் இசை ஆல்பம் கேட்டு இதழுக்கு விமர்சனம் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பவர் மெட்டல் என்றால் பாட்டில் ஒரு டிராகன் கட்டாயம். இந்த மாதம் இரண்டு வந்தன, இரண்டுக்கும் இரண்டு நட்சத்திரம். டெத் மெட்டல்காரர்கள் வாய் கொப்பளிப்பதுபோல் உறுமியிருந்தார்கள், ஆனால் கிட்டார் சுத்தம். நான்கு கொடுத்தேன். டூம் ஆல்பம் ஒன்று நகர்ந்த வேகத்தில், முதல் பாட்டு முடிவதற்குள் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டும் விட்டேன். எனக்கு இரக்கமே கிடையாது என்று எங்கள் ஓலு நகரில் பாதிப் பேர் சொல்வார்கள். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இரக்கம் எதற்கு?

பத்தாவது ஆல்பம் ஆத்தோஸுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து என் நண்பன், டிரம்ஸ் வாசிப்பவன். பதினோரு வருடம் கழித்து அவன் குழு கொண்டுவந்த பிளாக் மெட்டல். அந்த வகை, சிம்பல் என்கிற டிரம்ஸ் தட்டுகளின் காதைக் கிழிக்கும் கிறீச்சொலிக்கே பேர்போனது. இதில் அது இல்லவே இல்லை. மூன்று முறை கேட்டேன். சிலிர்த்துப்போய் எழுதினேன்: "சிம்பலையே தூக்கியெறிந்த துணிச்சல்! மண்ணுக்கடியிலிருந்து வரும் முழக்கம். ஐந்து நட்சத்திரம்." நண்பன் என்பதற்காகப் போட்டதல்ல.

இதழ் வெளியான மறுநாள் ஆசிரியர் மர்யுக்கா போன் செய்தாள்.

"இல்போ, ஆல்பத்தைக் கேக்காமலே எழுதிட்டியா? வாசகருங்க கிழிகிழின்னு கிழிக்கிறாங்க."

"மூணு தடவை கேட்டேன்!"

"சிம்பல் இல்லைன்னு எழுதியிருக்க. அதுல சிம்பலைத் தவிர வேற என்ன இருக்கு? எனக்குப் பல்லே கூசுது. கேக்காம எழுதுற ஆளை நான் வச்சுக்க முடியாது, சொல்லிட்டேன்."

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் நான் பொய்யன். கேட்டேன் என்றால், கேட்டும் சிம்பல் தெரியாத விமர்சகன்; அதைவிட மோசம். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். அதே முழக்கம்தான்.

சனிக்கிழமை மதியம் வழக்கம்போல ஆத்தோஸ் வீட்டு சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் போனேன். மேல்பலகையில் வெற்றுடம்போடு உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"நக்கலாடா? ரெண்டு வருஷம் மணிக்கட்டு ஒடிய அந்த சிம்பலைத்தான் அடிச்சேன். ஊரே சிரிக்குது."

"ஃபைல்ல ஏதோ கோளாறுடா."

"மர்யுக்காவும் அதே ஃபைலைத்தான் கேட்டா."

பேச்சை மாற்ற நினைத்தேன். "அடுப்புல சூட்டுக்கல்லை மாத்திட்டியா? தண்ணி ஊத்துனா முன்ன மாதிரி உஸ்ஸுன்னு சத்தமே வரலையே."

அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்து தண்ணீர் மொள்ளும் கரண்டியை எடுத்தான்.

"கண்ணை மூடு. நான் கல்லுல தண்ணி ஊத்துறப்போ சொல்லு."

இறுக மூடிக்கொண்டேன். உயிரையெல்லாம் காதில் வைத்துக் காத்திருந்தேன். என் மூச்சு கேட்டது. வெளியே ஏதோ லாரி போனது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. ஐம்பத்து மூன்று வயதில் போய் எதைக் கற்றுக்கொள்வேன்? அப்போது தோளில் வெப்பம் படர்ந்தது.

"இப்போ!" என்று கத்தினேன். "இப்போதான் ஊத்துன!"

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உனக்குத் தெரிஞ்சது சூடுடா, இல்போ," என்றான். "நான் அப்பவே ஊத்தி முடிச்சு, கரண்டியையும் கீழ வச்சுட்டேன்."