அழைப்பிதழின் மூன்றாவது வரி

அச்சகத்துக்குள் நுழைந்த நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததுமே காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்தது.

பெண்களுக்கென்று கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அழைப்பிதழுக்குப் பிழை பார்ப்பது நான். மூன்றாவது வரியில் ஆங்கிலத்தில் ‘அண்டர் தி ஆஸ்பிசஸ் ஆஃப்’ என்று போட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பெயர். அது இருந்தால்தான் வீடுகளில் நம்பிப் பெண்களை அனுப்புவார்கள் என்பது அவள் எண்ணம்.

“அவர் பேரை எடுத்துடுங்க அண்ணி. சம்மதம்னு எழுதப் பேனாவை எடுத்தாராம். ஜன்னல்ல காக்கா வந்து கத்திச்சாம். சகுனம் சரியில்லைன்னுட்டார்.”

ஊருக்கே தீர்ப்புச் சொன்ன மனுஷனுக்குக் காக்காய் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது! வந்த ஆத்திரத்தில், அந்த வரிக்கு வேறு வார்த்தை தேடி மேஜைமேல் இருந்த அகராதியைப் பிரித்தேன். ‘ஆஸ்பிசஸ்: பெரியவர் தரும் ஆதரவு. பழங்கால ரோமில், பறவைகளைப் பார்த்துச் சகுனம் கணிப்பது.’

“பாத்தியா? உன் நீதிபதி ரெண்டாயிரம் வருஷம் லேட்டு.”

அவள் சிரிக்கவில்லை. “யாருமே வரமாட்டாங்க அண்ணி” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்த வரியே வேணாம், எடுத்துடலாம்” என்றேன்.

அவள் அகராதியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஆதரவுதானே? வீட்ல எல்லாரும் வேணாம்னப்ப, செய்யுடின்னது நீங்க ஒருத்திதான்.” என் பேனாவையே பிடுங்கி, நீதிபதியை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள்.

“அடியே, நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்ல!”

“அதான் வேணும். தெருவுலயே பெரிய பயந்தாங்கொள்ளி நீங்க. நீங்களே ஓட்டிட்டா, மத்தவங்களுக்கு என்ன பயம்?”

எங்கள் அச்சகத்தில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லைக்கூடப் பிழை பார்ப்பவர் நீக்கக் கூடாது. பதினெட்டு வருடமாக மற்றவர்களை அந்தச் சட்டத்தைச் சொல்லியே மிரட்டியிருக்கிறேன். அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ‘அச்சிடலாம்’ என்று கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. ஸ்டீயரிங் முன்னால் நான். முதல் தடவை வண்டி தவளை மாதிரி குதித்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை, நாத்தனார் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, தெருமுனைவரை போய், திரும்பியும் வந்துவிட்டேன்.

சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். பேர் எழுதும் மேஜையைச் சுற்றி ஏழு பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி என் காதருகே வந்து சொன்னாள்: “உங்களாலயே முடியுதுன்னா, என்னால முடியாதாக்கா?”