ஈரச்சுவரின் விலை

பொறியாளர் சுவரில் விரலை அழுத்தினார். சுண்ணாம்பு பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. ஓரடி தள்ளி அழுத்தினார். அங்கேயும் விழுந்தது.

“கூரையிலேயே தண்ணி எறங்கிருச்சும்மா. கட்டடத்துக்கு மதிப்புன்னு ஒண்ணும் போட முடியாது. மனைக்குத்தான். அதுலயும் இடிக்கிற செலவைக் கழிக்கணும்.”

பத்ரிநாத் துக்கம் கேட்க வந்தவர் போலத் தலையை ஆட்டினார். அவர் தங்கை நாகமணி உதிர்ந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வில்லாபுரத்தில் அப்பா கட்டிய வீடு அது. அம்மாவும் போன பிறகு இருவருக்கும் ஆளுக்குப் பாதி. அண்ணனுக்குக் கே.கே. நகரில் சொந்த வீடு இருந்தது. நாகமணி கணவன் இறந்த வருஷம் இங்கே வந்தவள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். இப்போது அவளுடைய பாதியை வாங்கிக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருந்தார், பொறியாளர் போடும் விலைக்கு. மனைக்கு மட்டும் விலை என்றால் அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே ஒற்றை அறைகூட வாங்க முடியாது. வாடகை வீடு தேட வேண்டும்.

“பழைய வீடு நாகு. இம்புட்டு நாள் நின்னதே பெருசு. புதன்கெழம நல்ல நாள். பேப்பரோட வாரேன்” என்றார் பத்ரிநாத்.

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். சொத்துப் பேச்சு என்றால் மட்டும் அண்ணன் தமிழுக்கு மாறிவிடுவார்.

அவர்கள் போன பிறகு நாகமணி கூடத்தில் உட்கார்ந்தாள். கோபம் முதலில் வீட்டின் மேல்தான் வந்தது.

ஒவ்வொரு புரட்டாசியிலும், அடைமழைக்கு முன்னால், அவள் மொட்டைமாடிக்குப் போவாள். பக்கத்து வீட்டு வேப்பிலைகளைக் கூட்டி அள்ளுவாள். தட்டோடுகளுக்கு இடையே விண்டுபோன பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவாள். கடைசியாக, தண்ணீர் வெளியேறும் குழாயில் கம்பியை விட்டுக் குத்துவாள். கைப்பிடிச் சுவரைத் துளைத்துத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். மாடித் தண்ணீருக்கு அது ஒன்றுதான் வழி. பங்குனியில் வெயிலுக்குச் சுண்ணாம்பு. தைக்கு முன் உள்சுவர். ஐப்பசியில் தெருவில் எல்லா வீட்டுச் சுவரும் ஊறும். இந்த வீட்டுச் சுவர் ஊறியதில்லை.

இந்தப் புரட்டாசியில் அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை அண்ணன் அழகர்கோயில் பிரசாதத்தோடு வந்தார். இலைப்பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அவரே மாடிக்குப் போனார்.

“பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. நீ ஏறாத. பாகம் பிரிக்கிற வீட்டுக்கு எதுக்குச் செலவு?”

அண்ணன் தனக்காக மாடி ஏறினார் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அன்று பாயசம் வைத்தாள்.

பிறகு மழை பிடித்தது. குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. மழை இரைச்சலில் கேட்கவில்லை போலும் என்று நினைத்தாள். கூரையில் கறை படர்ந்தபோது அண்ணனுக்குப் போன் செய்தாள். பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றார்.

நாகமணி எழுந்தாள். கம்பியை எடுத்துக்கொண்டு படிகளில் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் குத்தியது. ஏறினாள்.

மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கொசுப்புழு நெளிந்தது. குழாய்வாய் மேல் இலை எதுவும் இல்லை. கம்பியை விட்டாள். ஒரு சாண் போய் நின்றது. வளைத்து இழுத்தாள். வரவில்லை. குந்தி உட்கார்ந்து, தோள்வரை நனைய, கையை விட்டு இழுத்தாள்.

மஞ்சள் துணிப்பை. உடைந்த ஓட்டுத்துண்டுகளை உள்ளே வைத்து இறுக்கமாகச் சுருட்டியிருந்தது.

தண்ணீர் பாய்ந்து தெருவில் கொட்டியது. கீழே எதிர்வீட்டு முத்துத்தாய் கத்தினாள். “ஏக்கா! மேல அணையத் தொறந்து விட்டியா? சேலையெல்லாம் போச்சு!”

நாகமணி பையைப் பிரித்தாள். சிவப்பு எழுத்து அழியவில்லை. ‘காவ்யஸ்ரீ – ஜெயந்த். புதுமனை புகுவிழா. தங்கள் நல்வரவுக்கு நன்றி.’

காவ்யஸ்ரீ அண்ணன் மகள். ஆவணியில் வீடு குடிபோனாள். அண்ணி ஸ்ரீலட்சுமி மறுநாள்தான் போனில் சொன்னாள்: “யாருக்குமே சொல்லல நாகு. வீட்டோட பால் காய்ச்சி முடிச்சிட்டோம்.” வீட்டோடு முடித்தவர்கள் பெயர் அச்சிட்டுத் தாம்பூலப் பை அடிக்க மாட்டார்கள். பிரசாதம் வந்ததும் ஒரு மஞ்சள் பையில்தான். அண்ணன் மாடியிலிருந்து இறங்கியபோது கையில் பை இல்லை.

பையைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தாள்.

புதன்கிழமை வானம் இருட்டியிருந்தது. பத்ரிநாத் ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்தினார். சட்டைக்குள் பத்திரம். பின்னால் ஸ்ரீலட்சுமி. உள்ளே வந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அண்ணி ஜன்னல் பக்கம் போனாள். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை விரித்துச் சட்டத்தை அளந்தாள்.

“என்ன அண்ணி பாக்குறீங்க?”

“ஸ்கிரீன் துணி எம்புட்டு வேணும்னு...” ஸ்ரீலட்சுமி கையை இறக்கினாள்.

“இடிக்கிற வீட்டுக்கா?”

“அது கெடக்கட்டும்” என்றார் பத்ரிநாத். “கையெழுத்தப் போடு. ராகுகாலம் வந்துரும்.”

“இருங்கண்ணே. வந்தவங்களுக்கு வெத்தல பாக்குக் குடுக்கணும்ல.”

நாகமணி உள்ளே போய்ப் பையோடு வந்தாள். துவைத்து மடிப்பு வைத்திருந்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு தேங்காய். அண்ணியிடம் நீட்டினாள்.

“இது நம்ம காவ்யா வீட்டுப் பையில்ல? ஒனக்கு ஏது?” ஸ்ரீலட்சுமி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“அதானே அண்ணி. யாருக்குமே சொல்லலியே நீங்க. எனக்கு ஏது?”

பத்ரிநாத் பையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“மாடிக் குழாய்க்குள்ள கெடந்துச்சு” என்றாள் நாகமணி.

“காத்துல பறந்து வந்திருக்கும்.”

“கே.கே. நகர்லேர்ந்தா? வைகையத் தாண்டி? ஓட்டுத்துண்டையும் தூக்கிக்கிட்டா?”

“நாகு, மரியாதையாப் பேசு.”

“ஒங்களுக்குப் பாயசம் வச்சேன் அன்னைக்கு.” அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் கோபம் வந்தது. “முந்திரி போட்டு வச்சேன். ரெண்டு டம்ளர் குடிச்சீங்க.”

பத்ரிநாத் சௌராஷ்டிரத்துக்கு மாறினார். குரலைத் தாழ்த்தினார். சின்ன வயதுச் செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மாவைப் பேச்சில் இழுத்தார்.

“தமிழ்லயே பேசுங்கண்ணே. சொத்துப் பேச்சு.”

அவர் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒங்க எஞ்சினியர் போட்ட வெல சரிதானே?”

“சரியான வெலதான்.”

“அப்ப அந்த வெலைக்கே ஒங்க பாதிய நான் எடுத்துக்கிறேன். லோன் போடுறேன். எம்பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“அது எப்படி?” பத்ரிநாத் எழுந்துவிட்டார். “மெயின் ரோட்டுக்குப் பக்கத்துல, அஸ்திவாரம் கல்லு மாதிரி கெடக்கு. அந்த வெலைக்கு எவன் குடுப்பான்?”

சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் வார்த்தை கேட்டது. ஸ்ரீலட்சுமி தரையைப் பார்த்தாள்.

“அப்ப சித்திரைல வாங்க” என்றாள் நாகமணி. “சுவரு காஞ்சிருக்கும். நான் பாக்குற ஆளு வந்து வெல போடட்டும். அதுவரைக்கும் இந்த வாசல மிதிக்காதீங்க.”

“கோர்ட்டுக்குப் போவேன்.”

“போங்க. பையோட வாரேன்.”

தாம்பூலத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டியபோது மழை இறங்கிவிட்டது. அப்பா இருந்தவரை ஐப்பசியில் அந்தச் சுவரோரம் யாரையும் வண்டி நிறுத்த விடமாட்டார். குழாய் ஸ்கூட்டர் சீட்டின் மேல் நேராகக் கொட்டியது. இருவரும் ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில் ஒடுங்கி நின்றார்கள்.

“நாகு, ஒரு கொடை குடு” என்றார் பத்ரிநாத்.

ஆணியில் இரண்டு குடைகள் தொங்கின. நாகமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.